இந்தோனேசியா அனுப்ப மறுத்த வைரஸ்: திறந்த மரபணு வரிசையும் நியாயமான பங்கும்

2006 முடிந்து 2007 பிறந்த வாரங்களில் இந்தோனேசியா ஒரு முடிவெடுத்தது: எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை இனி வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவதில்லை. 2006இல் மட்டும் அந்நாட்டில் 55 பேருக்கு அந்த நோய் உறுதியானது. அவர்களில் 45 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு வேறெந்த நாட்டிலும் இந்த நோயால் இத்தனை பேர் சாகவில்லை. வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றும்படி மாறிவிடுமோ என்று உலகம் பயந்துகொண்டிருந்த நேரம் அது. அப்படி ஒரு மாற்றம் வந்தால் முதலில் எங்கே தெரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களோ, அந்த நாடே கதவை மூடியது.

இந்த நிகழ்வைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, உலகத்தின் பாதுகாப்பைப் பணயம் வைத்துப் பேரம் பேசிய நாடு என்பது. இன்னொன்று, பணக்கார நாடுகளை எதிர்த்து நின்ற ஏழை நாடு என்பது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அன்று சண்டை குப்பியில் அடைத்த வைரஸைப் பற்றியது. இன்று அந்தக் குப்பியே தேவையில்லை. வைரஸின் மரபணு வரிசை, அதாவது அதன் மரபணுக்களை எழுத்துகளாகப் பதிந்த தகவல், கணினித் திரையில் இருந்தால் தடுப்பூசி செய்துவிடலாம். குப்பியை வைத்து இந்தோனேசியா பெற்றுத் தந்த நியாயம், வரிசை யுகத்தில் செல்லுபடியாகிறதா என்பதைப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

மாதிரி போன வழி

இன்ஃபுளுவென்சா வைரஸ்களைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 1952இலிருந்து ஒரு வலையமைப்பை நடத்திவருகிறது. ஒவ்வொரு நாட்டின் தேசிய ஆய்வகமும் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை அட்லாண்டா, லண்டன், டோக்கியோ, மெல்போர்ன் போன்ற நகரங்களில் உள்ள கூட்டு மையங்களுக்கு அனுப்பும். அனுப்புகிறவருக்குக் காசு கிடையாது, கேட்கும் வழக்கமும் இல்லை. மையங்கள் வைரஸை ஆராய்ந்து, அடுத்த தடுப்பூசிக்கு எந்த ரகம் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும்.

தடுப்பூசிக்கான வைரஸை வழக்கமாகக் கோழி முட்டையில் வளர்ப்பார்கள். எச்5என்1 போன்ற கொடிய வைரஸை அப்படியே முட்டையில் வளர்க்க முடியாது. முட்டைக் கருவையே அது கொன்றுவிடும். அதனால் அதன் மேற்பரப்புப் புரதங்களுக்கான இரண்டு மரபணுக்களை எடுத்து, கொடுமைக்குக் காரணமான சிறு துண்டை நீக்கி, 1934இல் புவெர்ட்டோ ரிக்கோவில் கிடைத்த பழைய, பழக்கப்பட்ட ஒரு வைரஸின் உடலில் பொருத்துவார்கள். இதுதான் தடுப்பூசிக்கான மூல வைரஸ். இதையும் மையங்கள் நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடும். நிறுவனங்கள் தடுப்பூசி செய்து விற்கும்.

இந்தச் சங்கிலியில் மாதிரி கொடுத்த நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. வருடாவருடம் வரும் சாதாரணக் காய்ச்சலுக்கு ஏழை நாடுகள் தடுப்பூசி வாங்குவது அபூர்வம் என்பதால் யாரும் இதைக் கேட்கவில்லை. எச்5என்1 வந்ததும் நிலைமை மாறியது. 2006இல் உலகம் முழுவதிலும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி உற்பத்தித் திறன் ஆண்டுக்குச் சுமார் 35 கோடி டோஸ். மக்கள்தொகையோ 650 கோடி. ஆலைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தன. பெருந்தொற்று வந்தால் அந்த டோஸ்கள் எங்கே போகும் என்று கணிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. விதை நெல்லைக் கொடுத்தவன் அரிசிக்காகக் கடைசி வரிசையில் நிற்க வேண்டிய நிலை.

முதலில் திறந்தார்கள், அப்புறம்தான் மூடினார்கள்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. மாதிரிகளை நிறுத்துவதற்குச் சில மாதங்கள் முன்னால் இதே இந்தோனேசியா தன் வைரஸ் வரிசைகளை உலகுக்கே திறந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எச்5என்1 வரிசைகளில் பல, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கடவுச்சொல் போட்ட ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. ஏறக்குறைய 15 ஆய்வகங்களுக்கு மட்டுமே அதில் நுழைய அனுமதி. 2006இன் தொடக்கத்தில் நைஜீரியாவில் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, அதன் வரிசையை இத்தாலியக் கால்நடை வைராலஜிஸ்ட் இலாரியா கபுவா கண்டறிந்தார். மூடிய தளத்தில் போடுங்கள், பதிலுக்கு மற்ற வரிசைகளைப் பார்க்கலாம் என்று அவருக்கு அழைப்பு வந்தது. அவர் மறுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஜென்பேங்க் என்ற பொதுத் தளத்தில் அதை வெளியிட்டார். மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். எனக்கு இது இந்தத் துறையின் துணிச்சலான செயல்களில் ஒன்றாகவே தோன்றுகிறது.

அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவில், வட சுமத்ராவின் காரோ மாவட்டத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் நோயுற்று ஏழு பேர் இறந்தனர். மனிதருக்கு மனிதர் தொற்றியதற்கான வலுவான அடையாளம் அது. வரிசையைப் பார்க்க வேண்டும் என்று உலகெங்கும் விஞ்ஞானிகள் கேட்டார்கள். இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சிதி ஃபதிலா சுபாரி ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார். வரிசைகள் பொதுத் தளத்துக்குப் போயின.

ஆக, மூடிவைக்கும் புத்தி உள்ள நாடு என்று இந்தோனேசியாவைச் சொல்ல இடமில்லை. பிறகு என்ன நடந்தது? இந்தோனேசிய ரகத்தைக் கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி உருவாக்குகிறது என்ற செய்தி ஜகார்த்தாவுக்கு எட்டியது. மாதிரி கொடுத்த நாட்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகவலும் சொல்லவில்லை. தன் நாட்டில் செத்தவர்களின் உடலிலிருந்து வந்த வைரஸில் செய்த தடுப்பூசியைத் தன் நாடே சந்தை விலைக்கு வாங்க வேண்டும் என்பதை சுபாரி ஏற்கவில்லை. மாதிரிகள் நின்றன. 2007 பிப்ரவரியில் இந்தோனேசியா தடுப்பூசிக்காக பாக்ஸ்டர் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்துடன் தனியாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது.

இந்தக் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1992இல் ரியோ மாநாட்டில் நாடுகள் கையெழுத்திட்ட பல்லுயிர் ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு, மரபணு வளங்களின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் இறைமை உண்டு என்கிறது. அவற்றிலிருந்து வரும் பலனை நியாயமாகப் பகிர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தோனேசியா அதைத்தான் காட்டியது. ஆனால் கையில் எடுத்த ஆயுதம் ஆபத்தானது. மாதிரி வராவிட்டால் சோதனைக் கருவிகள் புதிய ரகத்தைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்க்க முடியாது. ஓசெல்டமிவிர் மருந்துக்கு வைரஸ் மசியாமல் போகிறதா என்று தெரியாது. தடுப்பூசி ரகத்தைப் புதுப்பிக்க முடியாது. வைரஸ் அந்த ஆண்டுகளில் மனிதருக்குள் பரவும் திறன் பெற்றிருந்தால் முதலில் அடிபட்டிருப்பது ஜாவாவின் கோழிப் பண்ணைக் கிராமங்கள்தாம். தவிர, ஒரு நிறுவனத்தோடு ஒரு நாடு தனியாகப் போடும் ஒப்பந்தம் வியட்நாமுக்கோ எகிப்துக்கோ எந்த வழியும் காட்டாது.

நான்கு ஆண்டுப் பேச்சும் நடுவில் வந்த சாட்சியும்

2007 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரச் சபை ஒரு தீர்மானம் போட்டு, மாதிரிப் பகிர்வையும் பலன் பகிர்வையும் சேர்த்துப் பேச வைத்தது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் 2009இல் எச்1என்1 பெருந்தொற்று வந்து, இந்தோனேசியா பயந்தது சரிதான் என்று காட்டிவிட்டது. பணக்கார நாடுகள் முன்கூட்டியே போட்டிருந்த கொள்முதல் ஒப்பந்தங்களைக் காட்டி உற்பத்தியின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. மிச்சமானதை நன்கொடையாகக் கொடுத்தன. உலக சுகாதார நிறுவனம் மொத்தம் 7.8 கோடி டோஸ்களை 77 நாடுகளுக்கு அனுப்பியது. அவற்றில் பெரும்பகுதி போய்ச் சேர்வதற்குள் அலை ஓய்ந்திருந்தது.

2011 மே மாதம் பெருந்தொற்று இன்ஃபுளுவென்சா ஆயத்தச் சட்டகம் நிறைவேறியது. சுருக்கமாக 'பிப்' என்பார்கள். வைரஸைப் பகிர்வதும் பலனைப் பகிர்வதும் சம நிலையில் வைக்கப்பட வேண்டியவை என்று அது ஏற்றுக்கொண்டது. ஒரு சர்வதேச ஆவணத்தில் இந்த வரி ஏறியதற்கு இந்தோனேசியாவின் பிடிவாதமே முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அதன் செயல்முறை எளிமையானது. வலையமைப்பின் செலவில் பாதியை, அதாவது ஆண்டுக்கு 2.8 கோடி டாலரை, அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் கட்ட வேண்டும். அப்புறம், வலையமைப்பிலிருந்து வைரஸ் பெறும் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்துடன் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தடுப்பூசி நிறுவனங்களுக்குச் சில வாய்ப்புகள் தரப்பட்டன. பெருந்தொற்றின்போது செய்யும் தடுப்பூசியில் குறைந்தது 10 சதவீதத்தை இலவசமாகத் தருவது அவற்றில் ஒன்று, அதே அளவைத் தாங்கக்கூடிய விலையில் ஒதுக்குவது இன்னொன்று. பெருநிறுவனங்கள் கையெழுத்திட்டன. பணம் வந்தது. அதன் பெரும்பகுதி ஆய்வக வசதியே இல்லாத நாடுகளில் கண்காணிப்பை வளர்க்கப் போனது. நோய் வருமுன்னரே பேசி முடித்த ஒப்பந்தம் என்பதுதான் இதன் பலம். நோய் வந்த பிறகு யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஓட்டை

பிப் சட்டகத்தில் ஒப்பந்தக் கடமையைத் தூண்டுவது வைரஸ் என்ற பொருள். குப்பி கை மாறினால் கையெழுத்து வேண்டும். வரிசைத் தகவலுக்கு அந்த விதி இல்லை. அதைப் பற்றி நாடுகள் பேசின, ஆனால் முடிவு காணாமல் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தன.

அந்தப் 'பின்னால்' இரண்டே ஆண்டுகளில் வந்தது. 2013 மார்ச் 31 அன்று சீன நோய்த்தடுப்பு மையம் எச்7என்9 என்ற புதிய பறவைக் காய்ச்சலின் வரிசையை வெளியிட்டது. நோவார்ட்டிஸ் நிறுவனமும் அமெரிக்காவின் ஜே. கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, சீனாவிலிருந்து குப்பி வருமுன்பே, தேவையான இரண்டு மரபணுக்களையும் வேதியியல் முறையில் செய்து சில நாட்களிலேயே தடுப்பூசிக்கான மூல வைரஸை உருவாக்கின. இன்ஃபுளுவென்சாவின் மொத்த வரிசை சுமார் 13,500 எழுத்துகள். தடுப்பூசிக்குத் தேவைப்படும் அந்த இரண்டு மரபணுக்கள் 3,000 எழுத்துகளைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு மின்னஞ்சலில் அடங்கிவிடும். விமானம், உறைநிலைப் பெட்டி, ஏற்றுமதி அனுமதி எதுவும் வேண்டாம்.

2020இல் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஷாங்காயின் சாங் யோங்சென் குழு கண்டறிந்த கொரோனா வைரஸ் வரிசையை ஜனவரி 11 அன்று எட்வர்ட் ஹோம்ஸ் என்ற விஞ்ஞானி இணையத்தில் வெளியிட்டார். 13ஆம் தேதி மாடர்னா நிறுவனமும் அமெரிக்க அரசு விஞ்ஞானிகளும் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டார்கள். 63 நாள் கழித்து, மார்ச் 16 அன்று, முதல் மனிதருக்கு ஊசி போடப்பட்டது. அந்த வரிசையைப் பார்க்க ஒரு விண்ணப்பப் படிவமும் ஒரு மாதக் காத்திருப்பும் இருந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்? திறந்த தரவை எதிர்த்துப் பேசும் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா விஞ்ஞானிகள் ஒமிக்ரான் வரிசையை மறைக்காமல், தாமதிக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். மறுநாளே பிரிட்டன் தென்னாப்பிரிக்க விமானங்களைத் தடை செய்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பின்தொடர்ந்தன. ஆப்பிரிக்காவில் அப்போது பத்தில் ஒருவருக்குக்கூட முழுத் தடுப்பூசி கிடைத்திருக்கவில்லை. தரவைக் கொடுத்த நாட்டுக்குக் கிடைத்தது தண்டனை. இப்படி நடந்தால் அடுத்த முறை எந்த நாட்டு அதிகாரி உடனே கையெழுத்துப் போடுவார்?

வாசலில் காவல் போட்டால்

இந்தோனேசியச் சண்டையின் நடுவிலேயே ஒரு நடுவழி முளைத்தது. 2006 ஆகஸ்டில் எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். அதன் விளைவாக 2008இல் ஜிசெய்ட் தரவுத்தளம் திறந்தது. பெயரைப் பதிவு செய்தவர்கள்தான் உள்ளே வரலாம். யார் தரவு என்று குறிப்பிட வேண்டும், தரவு கொடுத்தவரோடு சேர்ந்து வேலை செய்ய முயல வேண்டும். ஏழை நாட்டு விஞ்ஞானிகளுக்கு இது பெரிய ஆறுதல். தாங்கள் உழைத்துக் கண்டறிந்த வரிசையை வைத்து வேறொருவர் முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிடுவார் என்ற பயம் குறைந்தது. கொரோனா காலத்தில் அங்கே ஒரு கோடிக்கும் மேல் வரிசைகள் குவிந்ததற்கு இந்த நம்பிக்கை ஒரு காரணம்.

ஆனால் நன்றிக் குறிப்பு தடுப்பூசி ஆகாது. கட்டுரையில் பெயர் வந்ததால் ஒரு கிராமத்துக்கும் ஊசி வந்துவிடவில்லை. தவிர, ஒரே அமைப்பு வாசலில் நின்று யாரை விடுவது என்று தீர்மானித்தால் அதன் முடிவுகளை யார் கேள்வி கேட்பது? 2021 ஜனவரியில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் முழுத் திறப்பைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். வூஹான் சந்தையில் எடுத்த கொரோனா மாதிரிகளின் தரவை ஆராய்ந்த சிலரின் ஜிசெய்ட் அணுகல் 2023இல் நிறுத்தப்பட்டுப் பெரிய சர்ச்சை எழுந்தது.

வாசலில் விலை வைப்பதில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இன்றைய தடுப்பூசிகள் எல்லாமே ஒற்றை வரிசையைப் பார்த்துச் செய்பவையல்ல. சிலவற்றை ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒப்பிட்டு, எந்தப் பகுதி மாறாமல் இருக்கிறது என்று பார்த்து வடிவமைக்கிறார்கள். பத்து நாட்டு வரிசைகளிலிருந்து ஒரு புதிய வரிசையைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. இதில் எந்த நாட்டுக்கு எத்தனை சதவீதம் என்று எந்தக் கணக்குப்பிள்ளை பிரிப்பார்? ஒவ்வொரு வரிசையின் பின்னாலும் ஓடிப் பிடிக்கும் வழி வழக்கறிஞர்களுக்கு வேலை தரும். பெரும்பாலும் அதோடு சரி.

கலி காட்டிய பாதை

பல்லுயிர் ஒப்பந்த நாடுகள் இந்த உண்மையை மெல்ல ஏற்றுக்கொண்டன. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில், வரிசைத் தகவலுக்கென்று பலதரப்பு முறை ஒன்று வேண்டும் என்று முடிவானது. 2024 நவம்பரில் கொலம்பியாவின் கலி நகரில் அதற்கு உருவம் வந்தது. தரவு திறந்தே இருக்கும். எந்த வரிசையை எந்த நிறுவனம் எடுத்தது என்று துரத்த வேண்டாம். மருந்து, அழகுசாதனம், விதை, உயிர்த்தொழில்நுட்பம் போன்ற, வரிசைத் தகவலால் வாழும் துறைகளின் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதத்தையோ வருவாயில் 0.1 சதவீதத்தையோ கலி நிதிக்குத் தர வேண்டும். அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். பொதுத் தரவுத்தளங்களும் கல்வி ஆய்வு நிறுவனங்களும் பணம் கட்டத் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் ரோம் நகரில் நிதி தொடங்கிவைக்கப்பட்டது.

விலையை வாசலிலிருந்து எடுத்துச் சந்தைக்கு மாற்றியதுதான் இதன் சிறப்பு. என் பார்வையில் இருபது ஆண்டுப் பேச்சில் கிடைத்த மிகச் சரியான யோசனை இது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மதுரையிலிருந்தோ நைரோபியிலிருந்தோ வரிசையைத் தடையில்லாமல் எடுக்கலாம். லாபம் பார்ப்பவர் மட்டும் கட்டுவார். குறை என்னவென்றால், கட்டாயம் இல்லை. 'தர வேண்டும்' என்பது வேண்டுகோளின் அளவில் நிற்கிறது, நாடுகள் சட்டம் போட்டால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

பல் முளைக்காத வரை நாடுகள் தனித்தனியே விதி எழுதும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நம் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025இல் வெளியிட்ட பலன் பகிர்வு விதிகளில் வரிசைத் தகவலும் இடம்பெற்றது. அதைக் குறை சொல்ல முடியாது; பொது முறை பணம் தராதபோது சொந்த வேலி போடுவது இயல்பு. ஆனால் 190க்கும் மேற்பட்ட நாடுகளும் இப்படி வேலி போட்டால் விஞ்ஞானி எந்த வரிசையைத் தொடவும் தயங்குவார். வேகம் குறையும். பலனும் வராது.

இனி எழுத வேண்டிய வரி

2025 மே 20 அன்று உலக சுகாதாரச் சபை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. இதில் பங்கேற்கும் நிறுவனங்கள் பெருந்தொற்றின்போது செய்யும் தடுப்பூசி, மருந்து, சோதனைக் கருவி ஆகியவற்றில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு உடனுக்குடன் ஒதுக்க வேண்டும். அதில் பாதியாவது நன்கொடை, மீதி தாங்கக்கூடிய விலையில். பிப்பைப் போலில்லாமல் இது இன்ஃபுளுவென்சாவோடு நிற்காது. வரிசைத் தகவலும் இதில் உண்டு. ஆனால் இவையெல்லாம் எப்படி நடக்கும் என்பதை ஓர் இணைப்பில் எழுத வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். 2026 மே மாதச் சபைக்கு அதை முன்வைக்க வேண்டும் என்பது அப்போது வைத்த கெடு.

அந்த இணைப்பில் முக்கியமான சண்டை, வரிசையைப் பார்ப்பவர் பதிவு செய்து கையெழுத்திட வேண்டுமா, வேண்டாமா என்பது. வளரும் நாடுகள் பல, கையெழுத்து வேண்டும் என்கின்றன. இந்தோனேசியாவின் அனுபவத்தைப் பார்த்தால் அவர்களின் சந்தேகம் புரிகிறது. சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் அவர்கள். என்றாலும், என் பார்வையில் பிடியைப் போட வேண்டிய இடம் வேறு.

ஜகார்த்தாவின் எதிர்ப்பைத் தூண்டிய அதே இந்தோனேசிய ரகத்தில், ஏ/இந்தோனேசியா/5/2005 என்ற பெயரிட்ட வைரஸில், கிளாக்சோ நிறுவனம் செய்த தடுப்பூசிக்கு 2013 நவம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் தந்தது. அமெரிக்காவின் தேசியக் கையிருப்புக்கான தடுப்பூசி அது. வைரஸின் பெயரிலேயே நாட்டின் பெயர் இருந்தது. அந்த ஒப்புதலுக்கான விண்ணப்பத்தில் எந்த ரகம் என்று நிறுவனம் எழுதித்தான் ஆக வேண்டும். உலகின் எந்தத் தடுப்பூசியும் ஒழுங்குமுறை அமைப்பின் மேசையைத் தாண்டாமல் சந்தைக்கு வராது. அந்த விண்ணப்பத்தில் உலக சுகாதார நிறுவனத்துடன் போட்ட பலன் பகிர்வு ஒப்பந்தத்தின் எண்ணையும் கேட்கலாம். அரசுகள் தங்கள் கொள்முதல் ஒப்பந்தங்களிலும் அதையே நிபந்தனையாக வைக்கலாம். அப்படிச் செய்தால் வரிசை குப்பியிலிருந்து வந்ததா, இணையத்திலிருந்து வந்ததா, கணினி எழுதியதா என்ற ஆராய்ச்சியே தேவைப்படாது. இதைச் சட்டமாக்கும் அதிகாரம் பெரிய சந்தைகளை வைத்திருக்கும் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், சீனா, இந்தியா ஆகியவற்றின் கையில் இருக்கிறது.